ஒற்றைத் தொட்டிக்காரன்

மனிதர்களில் பல ரகம் உண்டு. கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால் விடாதவர், அடுத்த வீட்டுச் சண்டைக்கு ஜன்னல் வழியாகத் தீர்ப்புச் சொல்பவர், ஹோட்டலில் பக்கத்து மேஜைத் தட்டைப் பார்த்தே தன் பசியை முடிவு செய்பவர் என்று பலரைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்லப்போகிறவன் சமீபத்தில் பெருகியிருக்கும் ஒரு ரகம். வீட்டில் ஒரே ஒரு ஆர்க்கிட் செடியை வைத்துக்கொண்டு, உலகத்துக் காடுகள் எல்லாவற்றுக்கும் தானே பொறுப்பு என்பதுபோல் நடமாடும் ஆசாமி. இவனுக்கு ஒற்றைத் தொட்டிக்காரன் என்று பெயர் வைத்திருக்கிறேன். இவனை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கும் வாய்ப்பு எனக்கு எப்படிக் கிடைத்தது என்கிறீர்களா? முகச்சவரம் செய்யும்போது தினமும் பார்க்கிறேன்.

ஒற்றை என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். நிறையத் தொட்டி வைத்திருப்பவர் வேறு இனம். அவர் குழாயைத் திறந்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரு நனை நனைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். ஒன்று வாடினால் இன்னொன்று இருக்கிறது என்ற தெம்பு அவருக்கு. நம் ஆளுக்கு அந்தத் தெம்பு கிடையாது. இருப்பதே ஒன்று. ஆகவே அந்த ஒன்றை அவன் காலையில் எழுந்து மூக்குக்கண்ணாடியைத் தேடுவதற்கு முன்பே போய்ப் பார்க்கிறான், பல் துலக்கிக்கொண்டே பார்க்கிறான், காபியோடு வந்து பார்க்கிறான், காபி முடிந்து கோப்பையை வைக்கப் போகிற வழியில் வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து இன்னொரு தடவை பார்க்கிறான், செருப்பு மாட்டிய பிறகு எதையோ மறந்துவிட்டவன்போல் முணுமுணுத்துக்கொண்டு உள்ளே வந்து கடைசியாகவும் ஒரு தடவை பார்க்கிறான். செடி அப்படியேதான் இருக்கிறது.

கூட்டத்தில் இவனை அடையாளம் காண வேண்டுமா? வலது கை ஆட்காட்டி விரலைப் பாருங்கள். நகத்துக்கு அடியில் பழுப்பாக ஒரு கோடு ஓடும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. ஆர்க்கிட் மண்ணில் வளரும் செடி அல்ல. சின்னச் சின்ன மரப்பட்டைத் துண்டுகளுக்கு நடுவே வேரை விட்டுக்கொண்டு வளரும். அந்தத் துண்டுகள் காய்ந்துவிட்டனவா என்று வாரத்துக்கு ஒரு தடவை விரலை உள்ளே விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். நம் ஆள் விரலை வெளியே எடுப்பதுதான் வாரத்துக்கு ஒரு தடவை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், என் பிழைப்பு அப்படி. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளர். லிஃப்டுக்குக் காத்திருக்கும் மனிதர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பட்டனை ஒரு தடவை அழுத்துவார்கள், எரிகிற விளக்கை முறைப்பார்கள், மறுபடி அழுத்துவார்கள், அவசரத்தை லிஃப்டுக்குப் புரியவைக்க வேண்டும் என்று படபடவென்று குத்துவார்கள். "ஒரு முறை அழுத்தினால் போதும்" என்று எங்கள் கம்பெனி ஒவ்வொரு மாடியிலும் ஒட்டியிருக்கிற வாசகத்தை எழுதியவனே நான்தான். குத்துகிறவர்களை நிறுத்தி வைத்து, நீங்கள் முதல் தடவை அழுத்தியபோதே அதற்குத் தெரிந்துவிட்டது, அப்புறம் அழுத்துவதெல்லாம் உங்கள் திருப்திக்குத்தான் என்று பொறுமையாக விளக்குவேன். விளக்கிவிட்டு வீட்டுக்குப் போய்த் தொட்டிக்குள் விரலை விடுவேன்.

சரி, லிஃப்ட்காரனுக்கு ஆர்க்கிட் எதற்கு? நானாகத் தேடிப் போகவில்லை. வீடு தேடி வந்தது.

என் மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. ஒரே மகள். இங்கேயும் எண்ணிக்கை ஒன்றுதான் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். காலையில் போன் செய்து "எழுந்துட்டியாம்மா" என்பேன். மதியம் "சாப்பிட்டியா." சாயங்காலம் "ரூமுக்கு வந்துட்டியா." மூன்றுக்கும் ஒரே பதில்தான் வரும்: "ம்." அந்த ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு, அதில் சளி இருக்கிறதா, சோர்வு இருக்கிறதா, கோபம் இருக்கிறதா என்று நானும் என் மனைவியும் ஆராய்வோம். அதாவது நான் ஆராய்வேன், அவள் தைத்துக்கொண்டிருப்பாள். வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பது அவள் தொழில்.

ஒரு நாள் மதியம் மகள் போனை எடுக்கவில்லை. பொறுத்துப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், சொன்னால் சிரிப்பீர்கள். அப்புறம் அவளுடைய ஆபீஸ் வரவேற்பறை எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டுவிட்டேன். அவள் அப்போது வெளியிலிருந்து வந்த பெரிய மனிதர்கள் எதிரில் நின்று எதையோ விளக்கிக்கொண்டிருந்தாளாம். வரவேற்பறைப் பெண் கதவைத் திறந்து, உங்கள் அப்பா லைனில் இருக்கிறார், நீங்கள் சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிறார் என்று அத்தனை பேர் முன்னிலையிலும் அறிவித்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் மகளே போன் செய்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"வீட்டுக்கு வரணும்னு நினைச்சாலே பரீட்சை ஹால் ஞாபகம்தான் வருதுப்பா" என்றாள்.

அதற்குப் பிறகு விடுமுறைகளுக்கு வருவது குறைந்தது. வேலை அதிகம் என்றாள். எனக்கு வலித்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் முன்னைவிட இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போன் செய்தேன்.

ரொம்ப நாள் கழித்து ஒரு தடவை வந்தவள், கையில் இந்தச் செடியோடு வந்தாள். நீண்ட வளைந்த தண்டில் வரிசையாக வெள்ளைப் பூக்கள், ஒவ்வொன்றும் பட்டாம்பூச்சி அளவு. மேஜைமேல் வைத்துவிட்டு, இது உங்களுக்குத்தான், ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம் என்றாள். சமையலறையில் என் மனைவி சிரிக்கிற சத்தமும், அதை மறைக்கப் பாத்திரத்தை உருட்டுகிற சத்தமும் ஒன்றாகக் கேட்டன. எனக்கு அப்போது காரணம் விளங்கவில்லை.

அவள் கிளம்பும்போது, வழக்கம்போல் வாசலில் நின்று, அடுத்து எப்போது வருவாய் என்று கேட்டேன்.

"இந்தப் பூவெல்லாம் உதிர்ந்து, மறுபடி பூத்தா சொல்லுங்க. கண்டிப்பா வர்றேன்."

விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பாள். நான் அதைக் கல்வெட்டில் பொறித்துக்கொண்டேன். செடி பூத்தால் மகள் வருவாள். பூக்காவிட்டால்? அதை நினைத்துப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை. இப்படித்தான் ஐயா, தோட்டம் என்றாலே தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவன் இந்த இனத்தில் சேர்ந்தான்.

இனி இவனுடைய பழக்கவழக்கங்கள். ஒற்றைத் தொட்டிக்காரன் வீட்டில் ஜன்னல்கள் குடும்பத்துக்குச் சொந்தமில்லை. எங்கள் வீட்டில் நல்ல வெளிச்சம் வருவது கிழக்கு ஜன்னலில். அங்கேதான் என் மனைவியின் தையல் மெஷின் வருஷக்கணக்காக இருந்தது. ஆர்க்கிட்டுக்குக் காலை வெயில்தான் உகந்தது, அதுவும் வடிகட்டிய வெயில் என்று எங்கோ படித்துவிட்டு வந்து மெஷினைச் சுவர் ஓரம் நகர்த்தினேன்.

"வெளிச்சம் எனக்கும் வேணுங்க" என்றாள் அவள்.

உனக்கு விளக்குப் போட்டுக்கொள்ளலாம், அதற்கு அப்படி முடியாதே என்றேன். நான் சொன்னதில் என்ன தவறு? ஆனாலும் அன்று காபியில் சர்க்கரை இல்லை. மறுநாளும் இல்லை.

அடுத்தது சாமான்கள். செடியின் விலையைவிட அதற்கு வாங்கிய சாமான்களின் விலை அதிகமாகும் நாளில்தான் ஒருவன் இந்த இனத்தில் முழு உறுப்பினர் ஆகிறான். பனிபோலத் தெளிக்கும் குப்பி. காற்றில் ஈரம் எவ்வளவு என்று காட்டும் கருவி. கூழாங்கல் நிரப்பிய தட்டு. இலையைத் துடைக்க மென்மையான துணி. என் கண்ணாடியைத் துடைக்கச் சட்டை நுனி போதும், இலைக்கு மென்மையான துணி. ஈரம் காட்டும் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க இன்னொரு ஈரம் காட்டும் கருவி. இரண்டும் வேறு வேறாகக் காட்டின. எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்க மூன்றாவது வாங்கலாமா என்று கேட்டபோது என் மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வேறு பேச்சுப் பேசினேன்.

இந்தச் செடியின் வேர்களில் பாதி தொட்டிக்குள் அடங்குவதில்லை. வெள்ளியும் பச்சையுமாகக் கொழுத்து, விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கூரியர் கொண்டுவந்த ஆள் ஒருவர் கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு, தொட்டியில் ஏதோ புழு ஏறுகிறது என்று அக்கறையோடு சொன்னார். பாவம், நல்ல மனிதர். அவரை உட்காரவைத்து, அது புழு அல்ல, வேர், காட்டில் இந்தச் செடி மரத்தின்மேல் தொற்றிக்கொண்டு வாழும், காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும், ஆனால் மரத்தின் சாற்றை ஒரு சொட்டுக்கூட எடுக்காது, அவ்வளவு மானமுள்ள செடி என்றெல்லாம் விளக்கினேன். அந்த வட்டாரத்தில் அன்று பாதிப் பேருக்குப் பொட்டலம் போய்ச் சேரவில்லை. இப்போது அவர் எங்கள் வீட்டுப் பொட்டலத்தை வாசலில் வைத்து, மணியை அடித்துவிட்டுப் படியிறங்கி ஓடிவிடுகிறார்.

ஆனாலும் எனக்கு உள்ளூர ஒரு கவலை. மண்ணே இல்லாமல் ஒரு செடியா? பட்டினி போடுவதுபோல் இல்லையா? ஒரு நாள் நல்ல எருக்கலவை மண் மூட்டை ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினேன். என் மனைவி என்னைத் தடுக்கவில்லை. நேரே மகளுக்குப் போன் போட்டு என் காதில் வைத்தாள்.

"மண்ணுல வெச்சா அழுகிடும்பா. அது வேருக்குக் காத்து வேணும். கொஞ்சம் சும்மா விடுங்க, அதுபாட்டுக்கு இருக்கும்."

சும்மா விடுவது! ஒற்றைத் தொட்டிக்காரனிடம் என்ன வேலை வேண்டுமானாலும் சொல்லுங்கள், செய்வான். இதை மட்டும் சொல்லாதீர்கள். காற்றுதானே வேண்டும் என்று அன்றைக்கே ஒரு சின்ன மின்விசிறி வாங்கிவந்து தொட்டிக்கு எதிரில் வைத்தேன்.

பூக்கள் உதிர ஆரம்பித்தன. உதிர்வது இயற்கைதான், இரண்டு மூன்று மாதத்துக்குமேல் நிற்காது என்று எல்லாரும் சொன்னார்கள். சொல்லிவிடுவது சுலபம். முதல் பூ விழுந்த அன்று ஆபீஸில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கடைசிப் பூ விழுந்ததும் எஞ்சியது நாலு இலையும் ஒரு காய்ந்த குச்சியும். அந்தக் குச்சிக்குத் தினமும் பனி தெளித்துக்கொண்டு ஒரு மனிதன் ஜன்னலோரம் நிற்கும் காட்சியை எதிர்வீட்டார் என்ன நினைத்திருப்பார்கள்?

இந்தக் காலத்தில்தான் எங்கள் இனத்தார் போனில் குழு சேர்வார்கள். நானும் சேர்ந்தேன். அது ஒரு தனி உலகம். ஐஸ் கட்டி வையுங்கள் என்பார் ஒருவர். ஐஸ் வைத்தால் கொலைக்குச் சமம் என்பார் அடுத்தவர். ராத்திரி குளிரில் வையுங்கள், பகலில் பாட்டுப் போடுங்கள், வாழைப்பழத் தோலை ஊறவைத்து ஊற்றுங்கள், எதையும் ஊற்றாதீர்கள். எல்லாரும் ஒற்றைத் தொட்டிக்காரர்கள். எல்லாரும் அடுத்தவருடைய தொட்டிக்குத்தான் வைத்தியம் சொல்வார்கள். நானும் சேர்ந்த மறுநாளே ஒருவருக்கு உரம் எழுதிக் கொடுத்தேன்.

பிறகு ஒரு காலையில் அது நடந்தது. இரண்டு இலைகளுக்கு நடுவே பச்சையாக, பளபளப்பாக, அரிசி அளவு ஒரு முனை. நான் போட்ட கூச்சலில் என் மனைவி ஊசியை விரலில் குத்திக்கொண்டாள். புதுப் பூந்தண்டு வந்துவிட்டது! இந்த இடத்தில் ஒரு சின்ன விவரம் சொல்ல வேண்டும். இந்தச் செடியில் பூந்தண்டும் புது வேரும் பிறக்கும்போது ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். தண்டு என்றால் முனை கொஞ்சம் தட்டையாக, விரல்களைச் சேர்த்துக் கட்டைவிரலை ஒட்டிவைத்த கைபோல் இருக்கும். வேர் என்றால் முனை உருண்டையாக இருக்கும். இது எனக்கும் தெரியும். நாலு பேருக்குப் பாடமே எடுத்திருக்கிறேன். என் செடியின் முனை உருண்டையாகத்தான் இருந்தது. ஆனால் ஆசையோடு பார்க்கிறவனுக்கு எந்த உருண்டையும் சற்று நேரத்தில் தட்டையாகிவிடும்.

இருந்தாலும் நிபுணர் கருத்து ஒன்று வேண்டாமா? எங்கள் மேல்மாடியில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். அவரிடம் இரண்டு ஆர்க்கிட் இருந்து இரண்டும் செத்துவிட்டன. எங்கள் உலகத்தில் செத்த செடிகளை வைத்துத்தான் அனுபவத்தைக் கணக்கிடுவோம், ஆகையால் அந்தக் கட்டிடத்தில் அவர்தான் மூத்தவர். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பல்லுக்குப் பின்னால் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியோடு இறங்கி வந்தார். இலையிடுக்கில் கண்ணாடியை நுழைத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். செடியை வாயைத் திறக்கச் சொல்லாததுதான் பாக்கி.

"பூந்தண்டுதான் சார், சந்தேகமே வேண்டாம். வேரைப் பாத்தா எனக்குத் தெரியாதா? தினமும் அதைத்தானே பாக்கறேன்" என்றார்.

வேறென்ன வேண்டும்? மகளுக்குப் படம் அனுப்பினேன். "நல்லா இருக்குப்பா" என்று பதில் வந்தது. தண்டு நேராக வளர வேண்டுமே என்று ஒரு மூங்கில் குச்சியை நட்டேன். மனைவியின் தலைமுடிக் கிளிப் ஒன்றை எடுத்து, அந்தப் பச்சை முனையை நோகாமல் குச்சியோடு சேர்த்துப் பிடித்துவைத்தேன். அன்று முதல் எனக்குச் சோறு தண்ணீர் மறந்துபோயிற்று. காலையில் ஒரு படம், மதியம் வீட்டுக்கு ஓடிவந்து ஒரு படம், சாயங்காலம் ஒரு படம், எல்லாம் மகளுக்கு. பக்கத்தில் ஸ்கேலை வைத்து எடுத்த படம். தீக்குச்சியை வைத்து எடுத்த படம். குழுவில் வாழ்த்துகள் குவிந்தன. ஆபீஸில் என் கீழே வேலை செய்கிறவர்களும் படத்தைப் பார்த்தார்கள். பார்க்காமல் அவர்களுக்கு வேறு வழி இல்லை.

ஒரு நாள் மகளே கூப்பிட்டாள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. லீவு போட்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றாள். போனை வைத்துவிட்டுச் செடியின் முன் போய் நின்று நன்றி சொன்னேன். வாய்விட்டுத்தான் சொன்னேன். என் மனைவி கேட்டுவிட்டாள். பரவாயில்லை.

அப்புறம் அந்தத் தண்டு சரியாக நடந்துகொள்ளவில்லை. குச்சியோடு மேலே போகச் சொன்னால் பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டது. போதாக்குறைக்கு நுனி மட்டும் பச்சையாக இருக்க, மற்ற பாகம் வெள்ளி பூசினதுபோல் வெளுக்க ஆரம்பித்தது. ஏதோ நோய் என்று பதறிக் குழுவில் படம் போட்டேன். முன்பின் பேசியிராத ஒருவர் ஒரே ஒரு வரி எழுதினார்: அருமையான வேர், வாழ்த்துகள். அந்த மனிதரை நான் மனதார வெறுத்தேன். கிளிப்பைக் கழற்றினேன். கழற்றியதுதான் தாமதம், விட்டால் போதும் என்று அது கீழே வளைந்து தொட்டியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

ஆம், வேர். ஒரு வேருக்கு முட்டுக்கொடுத்து, கிளிப் மாட்டி, நேராக நிற்கச் சொல்லி, ஊர் பூராவும் வாழ்த்து வாங்கியவன் நான்.

பல் டாக்டரைக் கூப்பிட்டேன். மறுபடி விளக்கு, மறுபடி குட்டிக் கண்ணாடி. துளிக்கூடக் கூச்சப்படாமல், இவ்வளவு ஆரோக்கியமான வேரை என் தொழிலில் நான் பார்த்ததே இல்லை என்று பாராட்டிவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

என் மனைவி தையலை நிறுத்தினாள்.

"பூ இல்லைன்னு போன் பண்ணிச் சொல்லிடுங்க."

"சொன்னா வரமாட்டாளே" என்றேன்.

அதற்குப் பிறகு ரொம்ப நேரம் மெஷின் ஓடவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நீங்கள் என்ன செய்வீர்களோ அதைத்தான். நேராக நர்சரிக்குப் போனேன். அங்கே மகள் கொடுத்த அதே ரகத்தில் அதே வெள்ளைப் பூக்கள் வரிசை வரிசையாகச் சிரித்துக்கொண்டு நின்றன. தொட்டியை மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்? நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டு, பணம் கொடுக்கும் இடம்வரை போய்விட்டேன். அங்கே வரிசையில் நிற்கும்போது, பழக்கதோஷம், விரல் தானாகத் தொட்டிக்குள் போயிற்று. ஒரே ஈரம். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் தொட்டி அது, தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே வேர்கள் பழுப்பாகக் கூழாகிக் கிடந்தன. மேலே அத்தனை பூ, கீழே ஒரு நல்ல வேர் இல்லை. இதை வாங்க மனம் வரவில்லை. அடுத்ததைப் பார்த்தேன், அதற்கும் அடுத்ததைப் பார்த்தேன். கடைக்காரம்மா, சார் பூ வாங்க வந்தீங்களா, இல்லை சோதனை போட வந்தீங்களா என்று கேட்ட பிறகு வெறுங்கையோடு வெளியே வந்தேன். பொய் சொல்லக் கூடாது என்ற உயர்ந்த எண்ணத்தால் அல்ல. என் செடியின் வேருக்கு அவை உறைபோடக் காணாது என்ற கர்வத்தால்.

வெள்ளிக்கிழமை வந்தது. பேச வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். இயற்கையின் விந்தை, பருவநிலைக் கோளாறு, பல் மருத்துவத்தின் எல்லைகள் என்று விரிவான உரை. மகள் உள்ளே வந்தாள். பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை, நேரே ஜன்னலுக்குப் போனாள். குச்சியைப் பார்த்தாள். குச்சியில் வெறுமனே தொங்கிய கிளிப்பைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்துக் குனிந்திருந்த வேரைப் பார்த்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பருவநிலை என்று ஆரம்பித்தேன்.

"இது வேர்தானேப்பா" என்றாள். "நீங்க அனுப்பின முதல் படத்துலயே தெரிஞ்சுது."

எனக்கு உரை மறந்துவிட்டது. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கடையில் அன்று இரண்டு செடி வாங்கினாளாம், ஒன்று எனக்கு, ஒன்று அவளுடைய ரூமுக்கு. அவளுடையது அழுகிச் செத்துவிட்டதாம். காய்ந்திருக்குமோ காய்ந்திருக்குமோ என்று தினமும் தண்ணீர் ஊற்றினாளாம். யார் மகள்?

"தெரிஞ்சும் ஏம்மா லீவு போட்டு வந்தே?"

அவள் வேரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இத்தனை நாளா நீங்க என்னைச் சாப்பிட்டியானு ஒரு தடவைகூடக் கேக்கலப்பா. படம் படமா அனுப்பிட்டே இருந்தீங்க. உங்க கேள்வி நிக்கணும்னுதான் இந்தச் செடியையே வாங்கிக் குடுத்தேன். நின்னதும் என்னமோ மாதிரி ஆயிடுச்சு. உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பாக்க வந்தேன்."

சமையலறையில் பாத்திரம் உருளவில்லை. என் மனைவி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தோஷமா வெட்கமா என்றால், இரண்டும்தான். அதைக் கேட்கவே மறந்துபோய்விட்டேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஏதாவது பேச வேண்டும். வாயைத் திறந்தேன். வந்தது ஒன்றுதான்.

"சாப்பிட்டியாம்மா?"

"இல்லப்பா" என்றாள் மகள், முதல் தடவையாக முழுசாக. "பசிக்குது."

அன்று எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அடுத்த நாள் தாயும் மகளும் சேர்ந்து தையல் மெஷினைக் கிழக்கு ஜன்னலுக்கே இழுத்துக்கொண்டு போனார்கள். செடி மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மூலையில், விசிறி இல்லாமல், முட்டுக்குச்சி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. இன்னும் பூக்கவில்லை. இன்னும் இரண்டு வேர் விட்டிருக்கிறது. காபியில் சர்க்கரை திரும்ப வந்துவிட்டது.

மகள் ஊருக்குப் போய்விட்டாள். போன மறுநாள் காலையில் போன்: செடி எப்படி இருக்கிறது? மதியம் போன்: தண்ணீர் ஊற்றினீர்களா, ரொம்ப ஊற்றவில்லையே? சாயங்காலம்: வேர் எவ்வளவு நீளம், ஒரு படம் அனுப்புங்கள். லிஃப்ட் கூண்டுக்கு மேலே நின்று வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதனிடம் இதையெல்லாம் கேட்டால் அவன் என்ன சொல்வான்? "ம்" என்றேன். சொன்ன பிறகுதான் யாருடைய பதில் அது என்று தெரிந்தது. அந்த எழுத்தில் என்ன இருக்கிறது என்று அவள் இப்போது ஆராய்ந்துகொண்டிருப்பாள். ஆராயட்டும்.

இதுவரை படித்துக்கொண்டு வந்த நீங்கள், பாவம் இந்த மனுஷன், இப்படியும் ஒரு பைத்தியமா என்று சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் வலது கை ஆட்காட்டி விரலைக் கொஞ்சம் இப்படிக் காட்டுங்கள். நகம் சுத்தமாகத்தான் இருக்கிறது. இந்தக் கட்டுரைக்கு நடுவில் அந்த விரல் எத்தனை தடவை போனைத் தொட்டது, யாரிடமிருந்தாவது ஒரு "ம்" வந்திருக்கிறதா என்று? வீட்டில் ஒரு தொட்டிகூட இல்லையே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். உங்கள் தொட்டி வெளியூரில் இருக்கலாம்.